மீட்ட கோப்புக்கள் ஏன் திறவா?

தொலைந்த பொருள் கிடைத்துவிட்டதென்றால் உள்ளம் ஆறுதல் அடைகின்றது. கிடைத்த பொருள் பயன்படாது போயின், வருத்தம் முன்னையினும் பெரிதாகின்றது. கணினியைக் கையாள்வோருட் பலர் இவ்விரண்டாவது வருத்தத்தை நன்கு அறிவர். அழிந்துபோன கோப்பை மீட்டுத் தருவதற்கென்றே மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றை இயக்கியதும் பெயர்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. பெயர் சரி, அளவு சரி, திகதியும் சரி. ஆயின், திறக்க முயன்றால் கோப்புத் திறவாது. சிலபோது திறந்தும் பொருள் தராது. கோப்பு மீண்டது உண்மையாயின் அது திறவாமைக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா கணினி திருத்துவோருக்கு மாத்திரம் உரியதென்று எண்ணுதல் தவறு. கொழும்பு மாநகரின் நீதிமன்றங்கள் நிலைபெற்றுள்ள புதுக்கடையிலே, கைத்தொலைபேசி ஒன்றினின்று மீட்ட கோப்பு ஒருவருடைய விடுதலையையோ தண்டனையையோ முடிவுசெய்வதற்குத் துணையாகலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளில், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் படங்களும் மறைந்த பெரியோரின் குரலும் ஒரு சிறு பென்டிரைவினுள் அடங்கிக் கிடக்கின்றன. சங்கங்களின் அறிக்கைகளும் கல்லூரி மலர்களும் கடந்த சில தசாப்தங்களாகக் கணினியிலேயே எழுத்துக் கோக்கப்பட்டு வருகின்றன. ஆகவே இப்பொருளை மாணவரும் அறிதல் வேண்டும். பழைய மாணவரும் அறிதல் வேண்டும்.

கோப்பு என்பது யாது?

நம் முன்னோர் கையாண்ட ஏட்டுச் சுவடியை உவமையாகக் கொண்டு தொடங்குவோம். ஒரு சுவடியிலே மூன்று உள. ஓலையின்மேற் கீறிய எழுத்து ஒன்று. ஏடுகளை முறைபிறழாது நிறுத்தும் கயிறும் ஏட்டெண்ணும் மற்றொன்று. அவ்வெழுத்தை இன்னவாறு படித்தல் வேண்டும் என்னும் மரபு மூன்றாவது. முதலிரண்டும் சுவடியிலே உள்ளன. மூன்றாவது படிப்பவரின் அறிவிலே உள்ளது. மூன்றும் ஒருங்கு நின்றாலன்றிச் சுவடி நூலாகாது.

கணினிக் கோப்பும் இத்தகையதே. அதன் எழுத்து என்பது எண்களின் வரிசை. 0, 1 என்னும் இரண்டே குறிகள் எட்டு எட்டாகச் சேர்ந்து ஒரு பைற் ஆகின்றன. ஒரு பைற் 0 முதல் 255 வரையுள்ள 256 எண்களுள் ஒன்றைக் காட்டும். படமாயினும் பாட்டாயினும் கடிதமாயினும் அடியில் உள்ளவை இவ்வெண்களே. இதனைப் பொருள் என்போம். அவ்வெண்கள் தட்டின் எவ்விடங்களில் எந்த ஒழுங்கில் வைக்கப்பட்டுள்ளன என்பதைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. இதனை நிரல் என்போம். அவ்வெண்களை இன்னவாறு பொருள்கொள்ளல் வேண்டும் என்னும் உடன்பாடு மரபு ஆகும். பொருள், நிரல், மரபு என்னும் இம்மூன்றையும் மாணவர் மனத்திற் கொள்வாராக. மீட்டல் என்பது இம்மூன்றையும் மீட்டலாம். மீட்கும் மென்பொருளோ பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மீட்டுவிட்டு, மீட்டுவிட்டேன் என்று அறிவிக்கின்றது. எஞ்சியது மீளாமையினாலேயே கோப்புத் திறவாது போகின்றது.

அழித்தல் என்பது யாது?

ஒரு கோப்பை அழிக்குமாறு நாம் கட்டளையிட்டதும் கணினி அதன் பொருளை உடனே துடைத்துவிடுவதில்லை. பதிவேட்டிலே அதற்குரிய இடம் வெறுமையாயிற்று என்று குறித்துக்கொள்கின்றது, அவ்வளவே. நூல்நிலையத்தில் அட்டவணைச் சீட்டை அகற்றிவிட்டு நூலை அலுமாரியிலேயே விட்டுவைப்பது போன்றது இது. அந்த இடம் வேறொரு நூலுக்குத் தேவைப்படும்போதுதான் பழைய நூல் வெளியேற்றப்படும்.

பென்டிரைவுகளிலும் சிறிய மெமரி காட்டுகளிலும் பரவலாக வழங்கும் ஃபாற் 32 என்னும் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதிலே ஒரு கோப்பை அழித்ததும், அதன் பெயரின் முதல் எழுத்து நின்ற இடத்தில் 229 என்னும் எண் எழுதப்படுகின்றது. இப்பெயர் இனிச் செல்லாது என்பதற்கு அதுவே அடையாளம். கோப்பு எங்கே தொடங்கிற்று, அதன் மொத்த அளவு என்ன என்னும் குறிப்புக்கள் பெரும்பாலும் எஞ்சி நிற்கும். ஆனால் முதற் பகுதிக்குப் பின் எந்தப் பகுதி, அதன்பின் எந்தப் பகுதி என்று தொடுத்துக் காட்டிய சங்கிலி துடைக்கப்பட்டுவிடும். சுவடியின் கயிறு அறுந்தது என்க.

கயிறு அறுதல்

பகுதி ஒவ்வொன்றும் 32 கிலோபைற் அளவினதாயின், 4 மெகாபைற் அளவுள்ள நிழற்படம் ஒன்று 128 பகுதிகளில் அடங்கும். தட்டு வெறுமையாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட படமாயின் இந்த 128 பகுதிகளும் அடுத்தடுத்து நிற்கும். பல முறை எழுதியும் அழித்தும் பழகிய தட்டாயின் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். மீட்கும் மென்பொருளுக்குத் தெரிந்தவை தொடக்கமும் அளவுமே. ஆகவே அது தொடக்கத்திலிருந்து 128 பகுதிகளை அடுத்தடுத்து எடுத்து, இதுவே உமது படம் என்று தருகின்றது. உண்மையில் முதல் 40 பகுதிகள் மாத்திரம் அப்படத்தினுடையனவாகவும், ஏனையவை ஒரு பாட்டினுடையனவும் கணக்கேட்டினுடையனவுமாகவும் இருத்தல் கூடும். பெயரும் அளவும் சரியாயிருந்தும் படம் திறவாமைக்கு இது முதற் காரணம். திறந்தாலும், மேற்பகுதியிலே பிள்ளையின் முகம் தோன்றக் கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகவோ தாறுமாறான வண்ணக் கீற்றாகவோ நிற்றலுக்கும் இதுவே காரணம்.

நிரல் முற்றாக அழிந்தவிடத்து மற்றொரு வழி கையாளப்படுகின்றது. பலவகைக் கோப்புக்களுக்குத் தலையிலே ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் வகைப் படங்கள் 255, 216, 255 என்னும் மூன்று எண்களோடு தொடங்கி 255, 217 என்னும் இரண்டோடு முடியும். பீ.டி.எஃப். கோப்பு விழுக்காட்டுக் குறியோடு அம்மூன்றெழுத்துக்களையும் தலையிலே தாங்கி நிற்கும். மென்பொருள் தட்டு முழுவதையும் தடவிச் சென்று இத்தகைய தலைகளைக் கண்டவிடமெல்லாம் ஒரு கோப்பை அறுத்தெடுக்கின்றது. இவ்வாறு எடுத்த கோப்புக்குப் பழைய பெயர் இல்லை. பதிவேட்டுத் திகதியும் இல்லை. தலை கிடைத்து உடல் சிதறியிருந்தால், தலைமாத்திரமுள்ள கோப்பே கிடைக்கும்.

பொருள் அழிதல்

கயிறு அறுந்தால் ஏடுகளைத் தேடித் தொகுத்தல் ஒருகால் இயலும். ஏட்டின்மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டாலோ செய்வதற்கு ஒன்றுமில்லை. அழித்தபின் அதே தட்டில் நாம் புதிதாக எதைச் சேமித்தாலும், அது பழைய கோப்பின் இடத்திலே போய் அமர்தல் கூடும். கோப்பு அழிந்ததென்று கண்டு பதற்றத்தோடு மீட்கும் மென்பொருளை இறக்கி அதே தட்டிலே நிறுவுவோர் பலர். மீட்பதற்கென்று வந்ததே மீட்கவேண்டியதை அழித்துவிடுவதும் உண்டு.

இக்கால மடிக்கணினிகளில் எஸ்.எஸ்.டி. என்னும் நினைவகம் சுழலும் தட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. அதன் இயல்பு வேறு. கோப்பை அழித்ததும் கணினி, ட்ரிம் என்னும் கட்டளையால், இவ்விடங்கள் இனித் தேவையில்லை என்று நினைவகத்துக்கு அறிவிக்கின்றது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 7 தொடக்கம் இவ்வழக்கம் பரவலாயிற்று. அதன்பின் நினைவகம் தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவ்விடங்களைத் தானே துடைத்து ஆயத்தஞ் செய்துகொள்ளும். அந்நிலையில் மீட்ட கோப்பு உரிய பெயரோடும் அளவோடும் வந்தாலும் உள்ளே முதலிலிருந்து முடிவுவரை பூச்சியங்களே நிற்கும். உறை உண்டு, கடிதம் இல்லை.

வாலிலே அமைந்த உயிர்

சிறு குறை ஒன்று பெருங் கோப்பை முடக்குதலும் உண்டு. 2007ஆம் ஆண்டின் ஒஃபிஸ் தொகுதி தொடக்கம் வேர்ட் மென்பொருளில் எழுதும் ஆவணம் உண்மையில் ஒரு பொதி. எழுத்து, படம், வடிவ அமைப்பு என்பன தனித்தனிச் சிறு கோப்புக்களாகச் சுருக்கி அதனுள் அடைக்கப்பட்டுள்ளன. அப்பொதியின் உள்ளடக்க அட்டவணை கடைசியிலே அமைந்துள்ளது. கோப்பின் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டு கடைசிச் சிறு பங்கு மீளாவிடின், வேர்ட் அதனைத் திறக்க மறுக்கும். இந்நிலையில் மனந்தளர வேண்டியதில்லை. உள்ளே எழுத்துக்கள் இருக்கும் பகுதி எஞ்சியிருப்பின், பொதியைச் செப்பஞ்செய்யும் கருவிகளால் எழுத்தை மாத்திரமேனும் பிரித்தெடுத்தல் பலபோது இயலும்.

காணொளியின் நிலையும் இதனை ஒத்ததே. எம்.பி.4 வகைக் காணொளியில் எந்தக் காட்சி எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணை, பதிவு முடிந்த பின்னரே எழுதப்படுதல் பெருவழக்கு. விளையாட்டுப் போட்டியை ஒருமணி நேரம் பதிவுசெய்து, முடிக்குமுன் மின்கலம் ஓய்ந்துவிட்டால், காட்சிகள் எல்லாம் மெமரி காட்டில் இருந்தும் கோப்புத் திறவாது. அதே கமராவில் அதே அமைப்பில் எடுத்த மற்றொரு நல்ல காணொளியை மாதிரியாகக் கொண்டு அட்டவணையை மீள அமைக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆகவே திறவாத கோப்பை உடனே வீசிவிடுதல் அறிவுடைமையன்று.

பூட்டிய பேழை

இதுவரை கூறியவை சிதைவினால் வந்தவை. சிறிதும் சிதையாத கோப்பும் திறவாதிருத்தல் உண்டு. திறவுகோல் இல்லாத பேழை அது. இக்காலக் கைத்தொலைபேசிகள் தம்முள் வைக்கும் அனைத்தையும் மறைகுறியாக்கியே வைக்கின்றன. நினைவகச் சில்லைக் கழற்றி எடுத்து அதன் எண்களை ஒன்றுவிடாது படித்தாலும், திறவுகோல் இன்றேல் அவை பொருளற்ற எண்களே. 256 பிட்டு நீளமுள்ள திறவுகோலாயின், இருக்கத்தக்க திறவுகோல்களின் தொகையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம் என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

இதன் கொடுமையை எமது நாடு 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே கண்டது. அரசாங்க மேகக் கணினித் தொகுதியினுட் புகுந்த கப்பம் கோரும் மென்பொருள் ஒன்று, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களை மறைகுறியாக்கிற்று. பாதிப்புற்ற முகவரிகள் ஏறத்தாழ 5,000. தொகுதியோடு இணைந்திருந்த மாற்றுப் பிரதியும் உடன் தாக்குண்டது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குத் தனித்து வைத்த பிரதி இன்மையால் அக்காலத்து அஞ்சல்கள் இழக்கப்பட்டன. வீட்டின் மாற்றுச் சாவியை வீட்டுக் கதவிலேயே தொங்கவிடுதல் காவலாகாது. பிரதி என்பது மூலத்தினின்று பிரிந்து நின்றாலே பிரதியாகும்.

மரபு மறைதல்

இனித் தமிழராகிய எமக்குச் சிறப்பாக உரிய காரணத்துக்கு வருவோம். பொருள் முழுதும் உண்டு; நிரல் கெடவில்லை; பூட்டும் இல்லை. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து நிற்கின்றன. பழைய இறுவட்டைத் தேடியெடுத்த எத்தனையோ பேர், கோப்புக் கெட்டுவிட்டது என்று கூறி அதனை எறிந்துவிட்டனர். கோப்புக் கெடவில்லை. படிக்கும் மரபே அக்கணினியில் இல்லாதிருந்தது.

இலங்கைத் தமிழரிடையே பெருவழக்காயிருந்த பாமினி என்னும் எழுத்துரு தமிழ்த் தட்டச்சுப்பொறியின் ஒழுங்கைத் தழுவியது. ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தது அது. 106 என்னும் எண் ஆங்கில மரபில் ஜே என்னும் எழுத்து; பாமினியில் அதே எண் தகரம். "தமிழ்" என்னும் சொல்லைப் பாமினியில் எழுதினால் கணினி சேமிப்பது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது குப்பை. பாமினி ஒன்றேயன்று; ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்ட காலமும் இருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு 1999ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டில் குறியீட்டு நியமங்கள் ஆராயப்பட்டன. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யுனிகோட் என்னும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. அதிலே தகரத்தின் எண் 2980. அது வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியதன்று. ஆகவே எந்நாட்டுக் கணினியிலும் தகரம் தகரமாகவே நிற்கும்.

பழைய பாமினிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உள. ஆயினும் இரண்டு இடர்கள் உண்டு. பாமினியில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், கண்ணுக்குத் தோன்றும் முறையிலே, மெய்க்கு முன்னே எழுதப்படும்; ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னே சேமிக்கப்படும். இடையில் ஒரு குறி தவறின் கொம்பு அயல் எழுத்தைப் பற்றிக்கொள்ளும். இரண்டாவது இடர் மீட்ட கோப்புக்களுக்கே உரியது. சிதைந்த ஆவணத்திலிருந்து எழுத்தை மாத்திரம் பிரித்தெடுக்கும்போது, எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் குறிப்பு அழிந்துவிடுகின்றது. ஆகவே இடையிடையே வந்த ஆங்கிலப் பெயர்களையும் கருவி பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக மாற்றிவிடும். அவற்றைத் திருத்துதல் கருவியால் இயலாது. அப்பெயர்களை அறிந்த மனிதராலேயே இயலும்.

இது நமக்குப் புதிய அநுபவம் அன்று. பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்திலே தோன்றா. ஏடு கையிலிருந்தும், மரபறியாதவனுக்கு அது திறவாத கோப்பே. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) இவ்வாறான ஏடுகளைத் தேடித் தொகுத்து, பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார். ஓரேட்டிற் சிதைந்தது மற்றோரேட்டில் நிலைத்திருந்தமையும், மரபறிந்த அறிஞர் ஒருவர் இருந்தமையுமே அவ்வாறான பதிப்புக்களை இயலச் செய்தன. பிரதி ஒன்றுக்கு மேற்பட வேண்டும். மரபும் அழியாது காக்கப்பட வேண்டும் என்னும் இரண்டு பாடங்களும் அங்கேயே உள்ளன.

மரபு மறைதலுக்கு மேனாட்டிலும் சான்று உண்டு. இங்கிலாந்திலே 1086ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலப் பதிவேடு இன்றும் படிக்கத்தக்கதாயுள்ளது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுமுகமாக பீ.பீ.சீ. நிறுவனம் 1986ஆம் ஆண்டிலே மக்கள் வாழ்க்கையைத் தொகுத்து லேசர்த் தட்டுக்களில் வெளியிட்டது. இருபது ஆண்டும் ஆகுமுன் அத்தட்டைப் படிக்கும் பொறிகள் அருகிவிட்டன. அதனை மீட்கத் தனி ஆராய்ச்சியே வேண்டியதாயிற்று. எமது அச்சகங்களில் வழங்கிய பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0, 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் கோப்பை நேரே திறக்கத்தக்க இன்டிசைன் பதிப்புக்கள் 2012ஆம் ஆண்டின் சீ.எஸ். 6 என்பதோடு முடிந்தன. ஆகவே அக்காலத்து மலர் ஒன்றின் கோப்பு இன்று முழுமையாகக் கிடைத்தாலும், பழைய மென்பொருளும் பழைய எழுத்துருவும் ஒருங்கு கிடைத்தாலன்றி அது திறவாது.

புதுக்கடையிலே கோப்பின் நிலை

வீட்டிலே கோப்புத் திறவாவிடின் துயரம். நீதிமன்றத்திலே திறவாவிடின் அது நீதியின் வினா. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கணினி தரும் கூற்றைச் சான்றாக ஏற்க வழிவகுத்தது. அக்கூற்று புலன்களால் உணரத்தக்க வடிவில் அமைதல் வேண்டும் என்றும், உரிய காலத்திலே கணினி செவ்வனே இயங்கியிருத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. அத்தகைய சான்றை முன்வைக்க எண்ணுவோர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே மறுதரப்புக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் ஏற்பாடும் அதில் உண்டு. புலன்களால் உணரத்தக்க வடிவு என்னும் தொடரைச் சிந்திப்பார்க்கு இக்கட்டுரையின் கருத்து விளங்கும். எண்களின் குவியல் சான்றாகாது. திறந்து படிக்கப்படுவதே சான்றாகும்.

2021ஆம் ஆண்டிலே தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்க மேகக் கணினித் தொகுதியினின்று அழிந்த செய்தி நாட்டை அதிரவைத்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதனைப் புதுக்கடையிலுள்ள கொழும்பு நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. தரவு அழிதல் தொழில்நுட்பத்தாரின் அறைக்குள் முடிந்துவிடும் செய்தியன்று என்பதை அந்நிகழ்ச்சி பொதுமக்களுக்குப் புலப்படுத்திற்று.

சட்டம் பயிலும் மாணவர் ஈண்டு ஒன்றைக் குறித்துக்கொள்வாராக. மீட்ட கோப்பின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு என்று முன்னர்க் கூறினோம். பெயரும் திகதியும் பதிவேட்டிலிருந்து வந்தவை. உள்ளடக்கமோ அவ்விடத்திலே பின்னர் வந்தமர்ந்த வேறு கோப்பினுடையதாயிருத்தல் கூடும். ஆகவே, இன்ன பெயருள்ள கோப்பு இவருடைய தட்டில் இருந்தது என்று கூறுவதற்கும், இன்ன செய்தியை இவர் எழுதினார் என்று கூறுவதற்கும் இடையே பெருந் தொலைவுண்டு. தலையைக் கண்டு அறுத்தெடுத்த கோப்பாயின் அதனை எப்போது எவர் சேமித்தார் என்பதைக் கோப்பு மாத்திரம் கொண்டு கூறல் அரிது. திறவாத கோப்பைக் காட்டிக் குற்றஞ் சாட்டுதலும் தகாது; அது திறவாமையினாலே அதில் ஒன்றுமில்லை எனத் துணிதலும் தகாது. எது மீண்டது, எது மீளவில்லை என்று பிரித்துக் கூறுவதே நிபுணரின் கடமையாகும்.

இக்காரணத்தினாலேயே ஆய்வாளர் மூலத் தட்டைத் தொடுவதில்லை. அதன் ஒவ்வொரு பைற்றையும் உள்ளவாறே படியெடுத்துக்கொண்டு அப்படியிலேயே ஆய்வு செய்கின்றனர். மூலத்துக்கும் படிக்கும் 256 பிட்டு நீளமுள்ள கணக்குக் குறி ஒன்றைக் கணித்து ஒப்பிடுகின்றனர். ஒரேயொரு பிட்டு மாறினாலும் அக்குறி முற்றும் வேறாகும். ஆகவே படியிலே எவரும் கைவைக்கவில்லை என்பதை இருதரப்பாரும் தாமே சோதித்து அறியலாம்.

செய்யத்தக்கன

கோப்பு அழிந்ததென்று கண்டவுடன் செய்யவேண்டிய முதற் கருமம் ஒன்றுஞ் செய்யாதிருத்தலே. மெமரி காட்டாயின் கழற்றிவைத்தல் வேண்டும். கணினித் தட்டாயின் கணினியை நிறுத்துதல் வேண்டும். அடுத்து, முழுத் தட்டையும் படியெடுத்து அப்படியிலிருந்தே மீட்டல் வேண்டும். மீட்டவற்றை ஒருபோதும் அதே தட்டிற் சேமித்தலாகாது. தட்டு விசித்திரமான ஓசை எழுப்பின், மீண்டும் மீண்டும் இயக்கிப் பாராது உரியவரிடம் ஒப்படைத்தலே நன்று. மீட்ட பின்னர்ப் பெயர்ப்பட்டியலைக் கண்டு மகிழ்ந்துவிடாது ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தல் வேண்டும். திறவாதவற்றை அழிக்காது தனியே வைத்தல் வேண்டும். இன்று திறவாதது, நிரலைச் செப்பஞ்செய்யும் கருவியாலோ மரபறிந்த ஒருவராலோ நாளை திறத்தல் கூடும்.

அழியுமுன் காத்தல் இவற்றினும் சிறந்தது. பிரதி மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில் என்பது அறிந்தோர் கூறும் விதி. அரசாங்க மேகக் கணினித் தொகுதிக்கு நேர்ந்ததை எண்ணின், ஒன்றேனும் எவ்விணைப்பும் இன்றித் தனித்து நிற்றல் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க. ஆண்டுக்கொரு முறையேனும் அப்பிரதிகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதி உள்ளதோ இல்லதோ என்பது எவர்க்குந் தெரியாது.

தமிழ்க் கோப்புக்களைப் பொறுத்தவரை மற்றொரு கடமையும் உண்டு. பாமினியிலும் பிற எழுத்துருக்களிலும் உள்ளவற்றை, அவ்வெழுத்துருக்களை அறிந்தோர் நம்மிடையே உள்ளபோதே, ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். மாற்றிய பின்னும் மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே வைத்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டிலே எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நெருப்பை உலகம் கண்டது. அலுமாரிக்குள் இறுவட்டு ஒன்று படிக்கவியலாது போவதை எவருங் காண்பதில்லை. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இலக்க வடிவிற் காக்கும் நூலகம் என்னும் முயற்சி 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அத்தகைய பணிக்குக் கல்லூரிகளும் சங்கங்களும் தம் பங்கை வழங்குதல் தகும்.

எமது பழைய மாணவருட் பலரிடம் சங்கக் கூட்டக் குறிப்புக்களும் விழாப் படங்களும் மலர்க் கோப்புக்களும் பழைய இறுவட்டுக்களிலும் நெகிழ்தட்டுக்களிலும் இருத்தல் கூடும். அவற்றைத் தேடியெடுத்து, எந்த ஆண்டின, எந்த மென்பொருளில் ஆக்கப்பட்டன, எந்த எழுத்துருவின என்று ஒரு தாளிலே எழுதி உடன் வைப்பாராக. அத்தாள் சுவடியின் கயிறு போன்றது. கணினி பயிலும் மாணவர் அவற்றைப் படியெடுக்கும் பணியிலும், தமிழ் பயிலும் மாணவர் மாற்றிய எழுத்தைச் சரிபார்க்கும் பணியிலும் ஈடுபடுவாராயின் இருவர்க்கும் அது நல்ல பாடமாகும். கல்லூரிக்கும் தன் வரலாறு மிஞ்சும். இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. காலந்தாழ்த்தாமை ஒன்றே வேண்டும்.